ஷாமிலாவுக்குப் பேர் பதியவில்லை

இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாகலெட்சுமி பெண் கங்காணி. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்துவிட்டு, பிறகு அந்தப் பெண்களையே வேலை வாங்கும் இடத்துக்கு வந்தவர். சத்தம் போடத் தெரியாத கங்காணி என்று ஆண்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அவருடைய பொறுப்பிலிருந்த மலையில் வேலை ஒழுங்காக நடந்தது.

ஒரு மழைநாளில் அவர் கண்முன்னாலேயே ராசம்மா சரிவில் வழுக்கி விழுந்தாள். கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புருஷன் இல்லாத வீடு. அந்த வாரமே அவள் மகள் ஷாமிலா, கொழுந்து பறிக்கும்போது அம்மா கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. வயது பதினைந்து.

"அம்மா பேர்ல என்னையப் போட்டுக்கச் சொன்னாங்க."

"பதினாறு முடியாம யாரும் ஒன்ன வேலைக்கு வைக்கக் கூடாதும்மா. சட்டம் அப்படி. போயி ஸ்கூல் உடுப்பப் போடு."

மாலையில் நாகலெட்சுமி பார்க்கப் போனபோது ராசம்மா கேட்டாள்: "நீங்க சின்ன வயசுல கொழுந்து பறிக்கலியாக்கா? எம்மகளுக்கு மட்டும் சட்டமா?"

"பறிச்சேன்தான்" என்றார் நாகலெட்சுமி. ராசம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து, கொழும்பு வீட்டு வேலைக்கு ஷாமிலாவைக் கூட்டிப்போகத் தரகர் வந்திருப்பதாகப் பக்கத்து லயத்து வீட்டுப் பிரியந்தி சொன்னாள். தான் மறுத்ததால்தானே இவன் வந்தான் என்று நாகலெட்சுமி நினைத்தார். அப்படியே ராசம்மா வீட்டுக்கு ஓடினார். தரகர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாராவது வயசக் கேட்டா பதினெட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றார் அவர்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க பார்ப்போம். இப்பவே பொலிசுக்குப் போன்ல கோல் எடுக்கிறேன்."

தரகர் பாதித் தேத்தண்ணியோடு எழுந்து போனார். ராசம்மா அழுதாள். "அப்ப நாங்க எப்படிச் சாப்பிடுறது? அதையும் ஒங்க சட்டம் சொல்லுதா?"

நாகலெட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ராசம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீ விழுந்தத ஆபீஸ்ல பதிஞ்சாங்களா?"

"இல்லியே."

வேலை நேரத்தில் அடிபட்டால் நட்டஈடு உண்டு என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்டிருந்தார். மறுநாள் ஆபீசுக்குப் போனார்.

"விழுந்தத யாரு பார்த்தா?" என்றார் கிளாக்கர்.

"நான் பார்த்தேன். என் மலையிலதான் விழுந்தா."

தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவர் சாட்சி சொன்னது பிடிக்கவில்லை. நட்டஈடு இழுத்தடித்துத்தான் வந்தது. அதுவரை கூட வேலை செய்த பெண்கள் அரிசியும் மாவும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஷாமிலா ஸ்கூலுக்குப் போனாள். அடுத்த வருஷம் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை எழுதினாள். கணக்கில் தவறி, திரும்ப எழுதிப் பாசானாள்.

கால் சரியானதும் ராசம்மா, கங்காணிகளுக்கு மேலே மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கேட்டு வேறு கங்காணியிடம் மாறிக்கொண்டாள். வழியில் கண்டால் "சாப்டீங்களாக்கா" என்பாள், அதோடு சரி. நாகலெட்சுமிக்கு அதில் வருத்தமில்லை.

"அவ கோவத்துலயும் ஞாயம் இருக்கு" என்பார்.