பீடத்துக்கு முன் இறக்கிய மூட்டை

சபையாரே, நான் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கிடைத்ததற்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானராஜ் சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருந்த நேரம். தொடையிடுக்கில் ஒரு வீக்கம். நின்றால் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். மன்னார்குடி டாக்டர், குடலிறக்கம், அதாவது ஹெர்னியா என்றார்.

"ரெண்டு விதமா செய்யலாம்மா. கீறிச் செஞ்சா முதுகுல ஊசி போட்டாப் போதும், இங்கயே முடிச்சிடலாம். லேப்ராஸ்கோப்பின்னா திருச்சிக்குப் போகணும், முழு மயக்கம் கொடுப்பாங்க. சின்ன ஓட்டைங்கதான், வலி கம்மி, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ரெண்டுலயும் உள்ள வலை வச்சுத்தான் அடைப்போம். எதுவானாலும் தள்ளிப் போடாதீங்க. பாரம் தூக்கவே கூடாது."

ஏஜெண்டோ, கீறின தழும்பைப் பார்த்தால் மெடிக்கலில் கழித்துவிடுவார்கள் என்றான். உண்மையோ பொய்யோ, நாங்கள் நம்பினோம். ஓட்டை போட்டே முடித்துக்கொடும் ஆண்டவரே என்று ஜெபித்துக்கொண்டு, திருச்சியில் இடம் கிடைக்கக் காத்திருந்தோம்.

அதற்குள் அறுப்பின் பண்டிகை வந்தது. முதல் நெல்லை வீட்டு ஆண்பிள்ளை தோளில் சுமந்து பீடத்துக்குக் கொண்டுபோவது நம் சபை வழக்கம். "வேணாங்க, யாரையாவது தூக்கச் சொல்லுவோம்" என்றேன்.

"ஊரே பாக்கும் எஸ்தர். என்னன்னு கேப்பாங்க. அதச் சொல்லிக்கிட்டு நிக்கவா?"

அவருக்கு மானம் பெரிது, நெல் மூட்டையை அவரே சுமந்து வந்தார். மூட்டையை இறக்கக் குனிந்தவர் அப்படியே சுருண்டு விழுந்தார். வீக்கம் கல்லாக இறுகிவிட்டது, உள்ளே போகவில்லை. வாந்தி நிற்கவில்லை.

தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "குடல் மாட்டிக்கிச்சு. இப்பவே கீறித்தான் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. ஓட்டை ஆபரேஷன் என்று நான் வாயைத் திறந்தேன். "குடல் அழுகிட்டா ஆளே மிஞ்சமாட்டார்மா."

வராந்தாவில் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உமக்குக் கொண்டுவந்த மூட்டைதானே அது என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். அழுது ஓய்ந்த பிறகு, "ஆளைக் கொடும், போதும்" என்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "குடல் கறுத்திருந்துச்சும்மா. வெட்டி எடுக்கணும்னுதான் நெனச்சோம். வெந்நீர்த் துணியச் சுத்தி வச்சுக் காத்திருந்தோம். நிறம் திரும்பிடுச்சு." 

சிங்கப்பூர் கைவிட்டுப் போனது. இன்றும் குத்தகை நிலத்தில்தான் கிடக்கிறோம், கஷ்டம் தீரவில்லை. லேப்ராஸ்கோப்பி மேல் எனக்குக் குறையில்லை, என் தம்பிக்கு அதுதான் செய்தார்கள், நன்றாக இருக்கிறான். காத்திருந்ததுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

இந்த முறை நெல்லை நான் கூடையில் சுமந்து வந்தேன். அவர் வெறுங்கையோடு கூட நடந்தார். ஊரே பார்த்தது. கேட்டவர்களிடம், "ஹெர்னியாங்க, ஆபரேஷன் ஆயிருக்கு" என்று அவரே சத்தமாகச் சொன்னார்.

உங்களில் யாராவது துண்டைக் கட்டி மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? அவிழ்த்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆண்டவரை நம்புங்கள், எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கேட்ட ஆள் இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.