சும்மா இருக்கும் இரண்டு நாள்

இமயமலைக்கு ஆள் கூட்டிப்போகிற தொழிலில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது மலை இல்லை, ஆள்தான். கல்யாணத்துக்கு வேன் பிடித்துச் சொந்தபந்தத்தைக் கூட்டிப்போன அனுபவம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா? "ஜன்னல் சீட்டு இல்லைன்னா நான் வரல" என்று ஒருவர் முறுக்கிக்கொண்டு ரோட்டில் நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் எனக்கு மாதம் முப்பது நாளும் இருக்கும். ஆகவே நீங்களும் நானும் ஒரே கட்சி. உங்களிடம் புலம்பலாம்.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பெட்டி கப்பல் ஏறுகிற நாள்வரை எல்லோரிடமும் சண்டை போடுகிற வேலை அது. அதை உதறிவிட்டு, அதே ஊரில் மண்ணரைப் பக்கம் ஒரு லேபிள் கடைக்கு மேலே மாடியறை பிடித்து, மலைப்பயணம் ஏற்பாடு செய்கிறேன். சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதுவரை ஒரு வாரப் பயணங்கள்தான் கூட்டிப்போயிருந்தேன். நேபாளத்தில் மூன்று வாரம் நடந்து, ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாயைத் தாண்டுகிற பயணம் இதுதான் முதல். அங்கே கூடாரம், சமையல், வழிகாட்டி எல்லாம் பார்த்துக்கொள்பவர் கறாராகச் சொல்லிவிட்டார், ஆறு பேருக்கு ஒரு ஆள் குறைந்தாலும் கிடையாது என்று. ஆறு பேர் கிளம்பினால் எனக்கு ஒரு தொழில் இருக்கிறது. கிளம்பாவிட்டால் பழையபடி ஏதாவது ஒரு ஆபீசில் உட்கார்ந்து, "ஷிப்மென்ட் என்னாச்சு" என்ற மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செத்தாலும் அந்த நாற்காலிக்குத் திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆள் சேர்க்க இறங்கினேன்.

நைட் போட்டு முடிப்போம்

முதலில் பேர் கொடுத்தவர் குமரேசன் அண்ணன். நல்லூரில் நாலு மாடிக்குத் தையல் யூனிட் வைத்திருக்கும் முதலாளி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பொறுமையும் இல்லை. பயணத் திட்டத்தை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். "இந்த ரெண்டு நாளும் நடையே இல்லீங்களே?" என்றார்.

அது ஓய்வு நாள். காலையில் கொஞ்ச தூரம் மேலே ஏறி, இறங்கி வந்து, தங்கிய இடத்திலேயே சும்மா இருக்க வேண்டும். காற்று மெலிந்த இடத்துக்கு உடம்பு பழக வேண்டாமா? அவசரப்பட்டு ஏறினால் தலைவலியில் ஆரம்பித்து, மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்து, ஆளே போய்விடலாம். இதையெல்லாம் படம் போடாத குறையாக விளக்கினேன்.

அவர் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் நாள் பற்றாவிட்டால் நைட் ஷிப்ட் போடுவோம். அதுவும் போதாவிட்டால் கப்பலில் போக வேண்டிய பெட்டியை விமானத்தில் ஏற்றுவோம். தீபாவளியையும் பொங்கலையும் விட்டால் சும்மா இருக்கிற நாள் என்று ஒன்று இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, எனக்கு உதவி செய்கிற பாவனையில் சொன்னார்:

"ஏனம்மிணி, ரெண்டு நைட்டு சேத்தி நடந்துபோட்டா அந்த ரெண்டு நாளும் மிச்சமாயிருமல்லங்க?"

காட்டன் கௌரவம்

இரண்டாவது ஆள் வினோத். நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார், சின்ன வயது, ஆர்வம் அதிகம். ஒருநாள் ஒரு பெரிய பெட்டியோடு மாடியேறி வந்தார். திறந்தால் அத்தனையும் கெட்டியான காட்டன் பனியன். சொந்த மெஷினில் ஓட்டிய துணி. நெஞ்சில் மலைப் படம் வேறு பிரிண்ட் போட்டிருந்தது. "குரூப்புக்கு என்ற கையால ஒரு பரிசுங்க" என்றார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானோ அதை மடித்துத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன். குளிர்மலையில் உடம்போடு ஒட்டிப் போடுகிற துணி காட்டனாக இருக்கக் கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், நின்ற இடத்தில் உடம்பு விறைத்துப்போகும்.

வினோத்துக்கு முகம் சுண்டிவிட்டது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் காபியில் சர்க்கரை சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வாயால் சொல்லி இவரிடம் ஆகாது என்று, அவர் பனியன் ஒன்றையும் என் பாலியஸ்டர் பனியன் ஒன்றையும் வாளியில் முக்கிப் பிழிந்து, மாடிப்படி நிழலில் கொடியில் போட்டேன். கீழே போய் டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தோம். என்னுடையது காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடையது சொட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தது. வினோத் அதைத் தொட்டுப் பார்த்தார், என்னுடையதைத் தொட்டுப் பார்த்தார், படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார்:

"மேடம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுங்க, ஊரே காட்டன்லதான் சோறு திங்குது."

முதலாளியின் மூட்டை

எங்கள் ஊரில் ஏறிப் பழக ஒரு மேடு கிடையாது. ஆகவே மாடிப்படிதான் மலை. தினமும் காலையில் முதுகில் சுமையோடு ஏறி இறங்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். குமரேசன் அண்ணன் தன் யூனிட்டின் நாலு மாடியில் பயிற்சி செய்வதாகவும், நான் ஒருநாள் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்றும் ஒற்றைக்காலில் நின்றார்.

போய்ப் பார்த்தேன். அண்ணன் முதுகில் ஆள் உயரத்துக்கு உப்பிய பை. அசந்துபோனேன். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் பிடிங்க என்று கழற்றிக் கொடுத்தார், ஒரு கையால் தூக்கிவிட்டேன். திறந்தால் உள்ளே அத்தனையும் கட்டிங் வேஸ்ட் துணி. "பை நெறையோணும்னு சொன்னீங்களே" என்றார். நான் பை கனக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

அவருக்கு இரண்டு படி பின்னால் அவர் மனைவி சரோஜாக்கா ஏறி வந்தார். கையில் ஒரு ஒயர்கூடை. அதில் சுடுதண்ணி ஃப்ளாஸ்க், வாழைப்பழம், துண்டு, அண்ணனின் செல்போன் இரண்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில்கள். நாலாவது மாடியில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, அக்கா நின்ற நிலையில் ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். பட்டன் வைக்கும் மெஷினில் இருந்த தூத்துக்குடிக்காரப் பெண் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டு இதை வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"ஏக்கா, லிஃப்டுதான் நல்லா ஓடுதே, பொறவு இவுக எதுக்குக் கெடந்து இந்தப் பாடு படுதாக?"

கை தூக்குங்க

கிளம்பப் போகிற சமயத்தில் அண்ணன் வீட்டில் கடைசிக் கூட்டம். அண்ணன், வினோத், ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க் ஆபீசர், எம்பிராய்டரி யூனிட் நடத்தும் அண்ணன் தம்பி இருவர். ஆறு பேரும் வந்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். டீ வருவதற்குள் அது போய்விட்டது.

"புது ஆர்டர் ஒண்ணு வந்திருக்குதுங்க. அந்த ரெண்டு நாளையும் எடுத்துப்போட்டா நான் வர்றேன். இல்லீன்னா என்னைய விட்டுருங்க" என்றார் அண்ணன். இருந்த இருப்பில், யார் யார் சம்மதம், கை தூக்குங்க என்று ஓட்டெடுப்பே நடத்திவிட்டார். எம்பிராய்டரி சகோதரர்கள் கை மேலே போனது. பல் டாக்டர் கை பாதி போனது. படித்த மனுஷன், அவரே இப்படி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போன வருடம் ஒரு மலையில், வேறு குழுவில் விறுவிறுவென்று ஏறி வந்த ஒருவரை நாலு பேர் முதுகு மாற்றிச் சுமந்து இறக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உதடெல்லாம் நீலம். பேரைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதை அப்படியே சொன்னேன். "நாள் குறையாதுங்க. பயணமே நின்னாலும் சரி, அந்த ரெண்டு நாள் இருந்தே தீரும்" என்றேன். கைகள் எல்லாம் இறங்கின. ஆனால் அண்ணன் இறங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நேபாளத்துக்கு ஆறு பேரை உறுதி சொல்லியாக வேண்டும், என்னிடம் ஐந்து பேர்தான். பழைய ஆபீஸ் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது டீத் தட்டோடு நின்றிருந்த சரோஜாக்கா வாயைத் திறந்தார். "ஏனுங்க, அந்த ரெண்டு நாளும் அங்க சோறாக்கறது யாருங்க?" சமையல்காரர் கூடவே வருவார் என்றேன். "பாத்திரம்?" அதுவும் அவர்களே கழுவுவார்கள் என்றேன். "காலையில டீ?" கூடாரத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றேன். அக்கா தட்டைக் கீழே வைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்து டீ குடித்து அந்த வீட்டில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னார்:

"இவுரு பேர அடிச்சுட்டு என்ற பேர எழுதிக்குங்க, ஆனா அந்த ரெண்டு நாள மட்டும் கொறைச்சுப்போடாதீங்க."

டாக்டர் கேட்ட கேள்வி

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அஞ்சு மாசமா உங்க பொறத்தால ஏறுனது யாருன்னு நெனைக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலம் நேபாளத்துக்கு ஆறு பேர் என்று உறுதி சொன்னேன்.

மறுநாளே அக்காவை உடல் பரிசோதனைக்கு ஒரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அண்ணனும் கூட வந்தார். எப்படியும் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற தைரியம் அவருக்கு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் ஏறினார். டாக்டர் வேகத்தைக் கூட்டினார். அக்கா நடந்தார். சரிவைக் கூட்டினார். அக்கா நடந்துகொண்டே, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று அண்ணனிடம் கேட்டார். இறங்கிய கொஞ்ச நேரத்தில் நாடித்துடிப்பு பழையபடி ஆகிவிட்டது. டாக்டர் கருவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க எங்க டிரெய்னிங் எடுக்கறாங்க?" என்றார். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"டிரெய்னிங்கெல்லாம் இல்லீங் டாக்டர், எனக்கு ஃப்ளாஸ்க் தூக்கிட்டு வந்தாங்க."

சந்தைக்கு ஒரு நடை

அக்கா வாழ்நாளில் ஷூ போட்டதில்லை. புது ஷூவோடு நேரே மலைக்குப் போனால் குதிகால் தோல் உரிந்துவிடும், இப்போதிருந்தே போட்டுப் பழகுங்கள் என்றேன். கணுக்கால் மூடிய கனத்த ஷூ. அதைச் சேலைக்கு அடியில் மாட்டிக்கொண்டு உழவர் சந்தைக்கும், கோயிலுக்கும், ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்துக்கும்கூடப் போய்வந்தார். ஊரே பார்த்தது. அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சந்தையில் தக்காளிக்காரம்மாதான் மனசு கேட்காமல் விசாரித்தார்:

"ஏஞ்சாமி, காலுக்குக் கட்டுப் போட்டிருக்குதுங்களா?"

மேலே

கணவாயை அந்த ஆறு பேரும் நானும் தாண்டினோம், எல்லோரும் சொந்தக் காலில் இறங்கினோம். அதற்குப் படங்கள் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஓய்வு நாளைப் பற்றி. காலையில் கொஞ்சம் ஏறி இறங்கி வந்தோம். எம்பிராய்டரி சகோதரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் ஓட்டெடுப்புக் கேட்கவில்லை. அந்தக் குக்கிராமத்தில் வைஃபை இருந்தது. சரோஜாக்கா வெயிலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சமையல்காரர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். அக்கா அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மிடறு மிடறாகக் குடித்தார்.

அப்போதுதான் குமரேசன் அண்ணன் வீடியோவில் வந்தார். பின்னால் அடுப்படி தெரிந்தது. சுகமா, மூச்சு முட்டுதா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்துவிட்டு, மிக்ஸி ஜாருக்கு மூடி எங்கே, குக்கர் ஏன் விசில் அடிக்க மாட்டேன் என்கிறது, காலையிலிருந்து தேடுகிறேன் என்றார். குரல் பரிதாபமாக இருந்தது. அக்காவுக்கு மூடி இருக்கிற இடம் தெரியும். விசில் வராத காரணமும் தெரியும். எதிரே வெள்ளையாக நின்ற மலையை ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லாமல், பிரியமாகத்தான் சொன்னார்:

"இன்னைக்கு எனக்கு லீவுங்க."

இப்போதெல்லாம் புதிதாக விசாரிக்க வருகிறவர்களிடம் நான் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அங்கே சோறு யார் ஆக்குவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், ஆறு பேர் தானாகச் சேர்ந்துவிடுகிறார்கள்.