முழுக் கேள்வி

கல்லூரி நூலகத்தில் முதலாண்டு மாணவிகளுக்குத் தகவல் தேடச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. யாராவது கேள்வியை முழு வாக்கியமாக அடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முக்கியமான சொல் போதும், கம்ப்யூட்டரிடம் கதை பேசாதே" என்று கத்துவேன்.

இந்த வருடம் பெரிய திரையில் காட்டுவதற்காகக் 'காலநிலை' என்று அடிக்கப் போனேன். 'கா' வந்ததுமே பழைய தேடல் ஒன்று கீழே வந்து நின்றது: 'காட்டெருமை எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும்?'

அடித்தவளை எனக்குத் தெரியும். கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் பெண். எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். எவ்வளவு திட்டினாலும் முழுக் கேள்விதான் கேட்பாள். போன மழைக்காலத்தில், கல்லூரி விட்டு வீட்டுக்கு நடந்தவளைத் தேயிலைக்காட்டு மூடுபனிக்குள் நின்ற காட்டெருமை முட்டிக் கொன்றது.

"அதையே அழுத்துங்க மேடம், எங்களுக்கும் வேணுங்க" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

அழுத்தினேன். பதில்கள் வரிசையாக வந்தன. திறக்காத பதில் நீலமாகவும், ஏற்கெனவே திறந்து படித்தது ஊதாவாகவும் தெரியும் என்று வழக்கமாகச் சொல்வேன். பக்கத்தைக் கடைசி வரி வரை நகர்த்தினேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு நீல வரிகூட இல்லை.