என் மீசையில் ஏறிய மஞ்சள்

என் மனைவி தலைக்குச் சாயம் பூசுவதில்லை. முடி முழுக்க வெள்ளை. அதில் அவளுக்கு ஒரு பெருமை. மகன் கல்யாணத்துக்கு முதல் நாள், முடி வறண்டிருக்கிறதே என்று மலேசியாவில் எங்கள் கிள்ளான் கடைத்தெருவில் நிறமில்லா மருதாணிப் பொடி வாங்கிவந்தேன்.

"கலர் ஏறாது அங்கிள், ஷைன் மட்டும்தான்" என்றாள் கடைக்காரப் பெண்.

நானே குழைத்தேன். நன்றாகப் பிடிக்கட்டும் என்று எலுமிச்சையும் பிழிந்து, பூசி, மத்தியானம் முழுக்க ஊறவிட்டேன். அலசினால் தலை வைக்கோல் மஞ்சள்! கறுப்பு முடியில் தெரியாத மஞ்சள், நரையில் பளிச்சென்று தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கண்ணாடியைப் பார்த்தவள், "நாளைக்கு போட்டோவுக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள் மெதுவாக. குழைத்ததில் மிச்சமிருந்ததை என் வெள்ளை மீசையில் அப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் கழுவிவிட்டு வந்ததும், "ஐயோ, நெய் திருடுன பூனை மாதிரி இருக்கீங்க லா!" என்று சிரித்துவிட்டாள். மறுநாள் எல்லாப் போட்டோவிலும் என்னை ஒட்டியே நின்றாள்.

இப்போதும் அந்தப் பொடி போடுகிறோம். எலுமிச்சை கிடையாது, கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு புதுப் பாக்கெட்டும் முதலில் என் மீசைக்கு. அவள் பார்த்துத் தலையாட்டினால்தான் அவள் தலைக்கு.