பதினோரு பேர் தூங்கவில்லை

"வயது நாற்பத்து மூன்று. பதற்றம்: இல்லை. உறக்கம்: நன்று. உயரத்தில் பணிபுரிய முற்றிலும் தகுதியானவர்."

எங்கள் கட்டுமானத் தளத்தில் டவர் கிரேன் ஓட்டும் அக்காவைப் பற்றி மருத்துவச் சான்றிதழ் சொல்வது இது. வயது சரி. மற்றவை மூன்று வாரங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டன.

அன்று காற்றில் திரும்பிய கம்பிக்கட்டை அக்கா கடைசி நொடியில் நிறுத்தினார். கட்டுக்கும், கீழே நின்று கையசைத்து வழிகாட்டும் சிக்னல்காரரின் தலைக்கும் நடுவே ஒரு சாண். தலை தப்பியவர் அன்றிரவே குறட்டை விட்டார். தப்பவைத்தவருக்குத்தான் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கம்பிக்கட்டு ஆடும். உடம்பு படுக்கையில், கை லீவரில்.

"உங்க மனசு இன்னும் டியூட்டி முடிச்சு இறங்கலம்மா" என்றார் டாக்டர். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். கவலைகளைப் படுக்கப்போகும் முன்பே நோட்டில் எழுதி மூடிவிட வேண்டும். தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்கார வேண்டும். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். அக்கா ஒன்றுவிடாமல் செய்தார். இரண்டு மணி நேரத் தூக்கம் நான்காயிற்று. ஆனால் நான்கு டன் உத்தரத்தை ஏற்றவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, நான்கு பூஜ்யமாயிற்று.

தளத்தின் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: 'ஆறு மணி நேரம் தூங்கினீர்களா?' ஏணியேற நேரமாகும் என்பதால் அக்காதான் முதலில் எழுதுவார். அவர் 'ஆம்' போட்டால், அடுத்த பத்துப் பேரும் படிக்காமலே கீழே, 'மேலே உள்ளதே' என்று பொருள்படும் மேற்படிக் குறி இழுத்துவிட்டுப் போவார்கள். தூக்கம் போன பிறகும் பழக்கத்தில் 'ஆம்' என்றே போட்டுவந்தவர், உத்தரம் ஏற்றவேண்டிய அன்று காலை 'இல்லை' என்று எழுதினார். பத்துப் பேரும் வழக்கம்போல் குறி இழுத்தார்கள்.

இன்ஜினியர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "என்னக்கா இது! பதினோரு பேரும் தூங்கலையா?"

"நான் என்னோடதைத்தான் எழுதினேன் தம்பி."

"சும்மா 'ஆம்'னு போட்டுட்டு ஏறினா போச்சு."

"போகும். யார் தலை போகும்னுதான் தெரியல."

"நான் நல்லாத் தூங்கினேன் சார்!" என்று சிக்னல்காரர் கை தூக்கினார்.

"உங்களுக்கென்னண்ணே, உங்களுக்கும் சேர்த்து நான்தானே முழிச்சிருக்கேன்!"

சிரிப்பு அடங்கியதும் வெல்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அந்தக் குறி சரியாத்தான் விழுந்திருக்கு சார். அப்பா ஆஸ்பத்திரியில. கண்ணு மூடி மூணு நாளாச்சு." சாரம் கட்டுபவர்களில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். இன்ஜினியர் பதிவேட்டை மூடினார். தலைமை அலுவலகத்துக்கு என்ன சொல்வதென்று அவர் யோசித்த முகத்தைப் பார்த்தால், அன்றிரவு அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு வருடங்களில் அக்கா தூக்கிவைத்த கல்லும் கம்பியும் ஒரு சிறு நகரம் கட்டப் போதும். எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிப் பெருமையடிப்பதில்லை. அவர்கள் சொல்வது வேறு: அன்று காலை அவர் உண்மையை எழுதினார், கிரேன் சாவியை மேசையில் வைத்தார், உத்தரத்தைத் தூக்காமல் வீட்டுக்குப் போனார்.