பக்கவாட்டில் தெரியாத திரை

செல்வமேரியும் யமுனாவும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் சிவில் டிப்ளமா. படித்து முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே நின்று பேசி முடிவு செய்த தொழில்தான் இது. மன்னார்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்து, வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுத்தார்கள்.

செல்வமேரிக்குக் கை வேகம். வரைவது அவள். வருகிறவர்களிடம் பேசுவதும் மனையைப் போய்ப் பார்த்து வருவதும் யமுனா. வெளிவேலை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு செல்வமேரி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். திரையில் சுவர் எழும்ப எழும்ப, அந்த வீட்டில் குடியிருப்பவளைப் போலப் பேசுவாள்.

"மேரி, இங்க பிரிட்ஜ் வெச்சா கதவு பாதிதான் திறக்கும்."

"துணி காயப்போட அந்தம்மா எங்கடி போகும்?"

"என்னைக் கொஞ்சம் வரைய விடுறியா?" என்று செல்வமேரி சிடுசிடுப்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளிப் போடுவாள்.

ஆபீஸிலிருந்த கம்ப்யூட்டர் பழசு. மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம் போடும். பெரிய பிளானைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். அது தெளிகிற வரைக்கும் இரண்டு பேரும் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள். இனி முடியாது என்றானபோது, ஆபீஸ் வேலைக்கென்றே வருகிற நல்ல லேப்டாப்பாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். வாங்கப் போன அன்று யமுனாவுக்கு ஒரு மனையில் அளவு எடுக்கிற வேலை. செல்வமேரி மட்டும் போனாள்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். விரலை வைத்தால் திறந்தது. திரையில் வெளிச்சம் பட்டாலும் கண் கூசவில்லை. கடைசியாக அவர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"இப்ப உங்க பக்கத்துல யாராச்சும் உக்காந்திருந்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வெறும் கறுப்பாத்தான் தெரியும். வேணாம்னா திரும்ப இதையே அழுத்துங்க."

செல்வமேரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துச் சிரித்தாள். அதையே வாங்கினாள். அந்தப் பொத்தானை அணைக்காமலேயே லேப்டாப்பைப் பையில் வைத்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் வேலையே வேறு மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. விரலுக்குக் கீழே எழுத்துகள் மெத்தென்று அமுங்கின. மத்தியானம் கரண்ட் போனபோது ஃபேன்தான் நின்றது, வேலை நிற்கவில்லை. யமுனா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல, நேரா பார்த்தாத்தான் தெரியும். இந்தா." செல்வமேரி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் பொத்தானை அழுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்றைக்கு யாரும் குறுக்கே பேசாமல் ஒரு பிளான் முழுசாக முடிந்திருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளும் அழுத்தவில்லை.

அதன் பிறகு லேப்டாப்பை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுபோக ஆரம்பித்தாள். கணவர் பிராங்க்ளின் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பியதும் வீட்டிலேயே உட்கார்ந்து வரைவாள். ஆபீஸுக்கு வந்தால் யமுனா எதிர்மேஜையில் உட்கார்ந்து போனில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் போனை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"மேரி, அதுல எனக்குத் தெரியக்கூடாதது ஏதாச்சும் இருக்கா?"

"சேச்சே. இந்த லேப்டாப்பே அப்படித்தான் வருது."

யமுனா சரி என்று தலையாட்டினாள். அதைப் பற்றி அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரஃபீக்கின் வீடு வந்தது. அவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். மனைவி கமருன்னிசா, விபத்தில் காலில் அடிபட்டு வாக்கர் பிடித்து நடப்பவர். யமுனாதான் அவரைப் போய்ப் பார்த்து, வாக்கர் விஷயத்தையும் வந்து சொன்னாள். செல்வமேரி மறக்கவில்லை, பாத்ரூம் கதவை வாக்கர் நுழைகிற அளவுக்கு அகலமாகவே போட்டாள். வரைந்து முடித்ததும் யமுனாவிடம் காட்டாமல் நேராக ரஃபீக்குக்கு அனுப்பிவிட்டாள். அவர் மேஸ்திரிக்கு அனுப்பினார். வேலை மளமளவென்று நடந்தது.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது யமுனா வந்து, ஒரு பில்டரிடம் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். செல்வமேரி திகைத்துப்போனாள்.

"ஏன் யமுனா, இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. எனக்கு இங்க வேலை இல்ல மேரி. போன் எடுக்க மட்டும் ஒரு ஆள் எதுக்கு?"

அப்போதாவது உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். செல்வமேரிக்கு ரோஷம் வந்தது. "உன் இஷ்டம்" என்றாள்.

ரஃபீக் லீவில் வந்து புது வீட்டில் குடியேறினார். விருந்துக்கு செல்வமேரியையும் கூப்பிட்டிருந்தார். பிரியாணி வாசனை தெருவரைக்கும் வந்தது. கமருன்னிசா வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். பாத்ரூமுக்குக் கதவு இல்லை. திரைச்சீலை தொங்கியது.

"கதவு இன்னும் போடலையா?" என்று செல்வமேரி கேட்டாள்.

"போட்டுக் கழட்டியாச்சுங்க. உள்பக்கமா திறக்குற கதவு. நான் வாக்கரோட உள்ள போயிட்டா மூட முடியல, இடிக்குது. வெளிப்பக்கமா மாத்திப் பார்த்தாங்க, அது கிச்சன் கதவுல முட்டுது. மடக்குற பிளாஸ்டிக் கதவு சொல்லியிருக்கு." செல்வமேரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "வீடு அல்ஹம்துலில்லாஹ் நல்லா வந்திருக்குங்க. இது என்ன, பரவால்ல. நீங்க சாப்பிட வாங்க."

செல்வமேரிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். யமுனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாடி" என்று எழுந்து, காபி போட்டுக் கொடுத்தாள். செல்வமேரி கதவு விஷயத்தைச் சொன்னாள். பிறகு பொத்தான் விஷயத்தையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் யமுனா. "எங்க புது ஆபீஸ்லயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. நான் சேர்ந்த அன்னிக்கே ஒருத்தர் பொத்தானை அழுத்திக் காட்டினார்."

செல்வமேரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ பக்கத்துல இருந்திருந்தா அந்தக் கதவைச் சொல்லியிருப்ப" என்றாள்.

"சொல்லியிருப்பேனோ என்னவோ. நானும் எத்தனையோ கோட்டை விட்டிருக்கேன்."

"திரும்பி வந்துடேன், யமுனா."

யமுனா மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வேணாம்டி. கோபமெல்லாம் போயிடுச்சு. ஆனா இனிமே உன் பக்கத்துல உக்காந்தா, பேசலாமா கூடாதான்னு யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுவேன். அது நமக்குச் சரிப்படாது."

கிளம்பும்போது யமுனா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். பஸ் வருகிறவரை பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செல்வமேரி இப்போதும் மன்னார்புரத்தில் தனியாகத்தான் வரைகிறாள். வேலைக்குக் குறைவில்லை. பிளானை அனுப்புவதற்கு முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தந்த வீட்டுக்கே போய், அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, அங்கிருக்கும் பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறாள். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்கிறார்கள். "என்னைக் கொஞ்சம் வரைய விடுறியா" என்று சிடுசிடுக்கும்படி ஒருவரும் எதையும் சொல்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு யமுனா போன் செய்வாள், பொங்கலுக்கு செல்வமேரி செய்வாள். நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.