பார்சலம்மா வீட்டுப் பின்னறை

"மூச்சை விடுங்க. துணிகிட்ட பொய் சொன்னா, அது நாலு பேர் நடுவுல உங்களைக் காட்டிக் குடுத்துடும்."

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இவ்வளவு தெளிவாகப் பேச ஊரிலேயே ஒருத்தியால்தான் முடியும். எதிரே ஒரு பெரிய மனிதர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க நிற்கிறார். இன்ச் டேப் அவர் இடுப்பைச் சுற்றிக் காத்திருக்கிறது. அவளும் காத்திருக்கிறாள். எத்தனை நேரம்தான் மூச்சை அடக்க முடியும்? புஸ்ஸென்று அவர் விட்டதும், "ஆங், இதுதான் நீங்க" என்று சொல்லிச் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறாள்.

சலவைக் கடைக்குப் பின்னால், இஸ்திரி ஆவி ஓயாமல் அடிக்கும் மரத்தடுப்புக்குள் அவள் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, ஓர் ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். பெரிசைச் சிறிசாக்குவாள், சிறிசைப் பிரித்துவிடுவாள், தரையைப் பெருக்கும் கால்சட்டையைக் கணுக்காலுக்கு ஏற்றுவாள். புதுத்துணி மட்டும் தைப்பதில்லை. யாராவது புதுசைக் கொண்டுவந்து நீட்டினால் சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்வாள். "புதுசு எனக்குப் பழக்கமில்லீங்க. யாராவது ஒரு தடவை போட்டுக் கழட்டினதும் எடுத்துட்டு வாங்க."

அளக்கும் நேரம் போக, டேப் கழுத்தை விட்டு இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. பல் பிடுங்கப் போனபோதும் அது கழுத்தில் தொங்கியது. வாய் நிறையப் பஞ்சோடு டாக்டரை மேலும் கீழும் பார்த்து, "கோட்டு தோள்ல வழியுது, முடிச்சிட்டுக் கழட்டிக் குடுங்க" என்றாளாம். இளவயதில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தபோது, "அந்த ஆளை முழுசாப் பிரிச்சுத்தான் தைக்கணும், அவ்வளவு நேரம் எனக்கில்லை" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஊர் இடுப்பையெல்லாம் பிடித்துத் தைத்தவளுக்குத் தன் வீட்டைப் பிடித்துத் தைக்கத்தான் கை வரவில்லை.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. கதவைப் பாதிதான் திறக்கலாம்; மீதிப் பாதிக்குப் பின்னால் பெட்டிகள். எல்லாம் மாதச் சந்தா. மாதம் ஒரு பெட்டி தேயிலை, ஒரு பெட்டி சோப்பு, காலுறை, ஆயிரம் துண்டாக வரும் படப்புதிர், விதைப் பொட்டலங்கள். வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. பூனை வளர்ப்போருக்கான பத்திரிகையும் தவறாமல் வரும். பூனையும் கிடையாது. அந்தப் பத்திரிகையை நம்பியோ என்னவோ பக்கத்து வீட்டுப் பூனை ஒருமுறை உள்ளே நுழைந்து, வழி தெரியாமல் ஒரு வாரம் சுற்றிச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே குதித்தது. உள்ளே போனபோது கறுப்பு, வெளியே வந்தபோது வெள்ளை என்று கட்டடத்தில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். சோப்பு மூலை வழியாக வந்திருக்கும்.

"முதல் மாதம் இலவசம்" என்று யார் சொன்னாலும் அவளுக்கு மனசு இளகிவிடும். "சும்மா குடுக்கறவங்களை வேண்டாம்னு சொன்னா நொந்துக்க மாட்டாங்களா?" இரண்டாம் மாதம் நிறுத்த மறந்துவிடுவாள். வங்கியிலிருந்து அது தானாகவே பிடித்துக்கொள்ளும். அவளுக்குப் பார்சலம்மா என்று பேர் வைத்தது கூரியர்க்காரர்தான். நரைத்த மீசை, இரண்டு முட்டியிலும் பட்டை.

"பார்சலம்மா, ஒண்ணையாவது நிறுத்துங்க. என் முட்டி உங்க வீட்டுப் படியைக் கண்டாலே கத்துது."

"பார்சல் நின்னுட்டா உங்களுக்கு வேலை இருக்குமா?"

"முட்டி இருக்குமே!"

பெட்டியை வாங்கினால் உடனே பிரிக்க மாட்டாள். மேலே ஒட்டியிருக்கும் தாளை விரலால் தடவிப் பார்ப்பாள். "என் பேரு போட்டிருக்கு பாருங்க. வேற யார் பேரும் இல்லை. என் பேருதான்."

தன் பேர் மேல் இந்த ஆசை எங்கே தொடங்கியது என்றால், அவள் பிறந்த வீட்டில். வீட்டில் இரண்டு பெண்கள், ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு சீப்பு. துணி எடுக்கப் போனால் அம்மா எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "பெரியவளுக்கு எடு, சின்னவளுக்கு அப்புறம் ஆகும்." எல்லாம் அப்புறம் ஆயிற்று. அக்காள் வளர வளரக் கவுன் இறங்கி, பிறகு தங்கைக்காக மறுபடி ஏறி, ஓரத்தில் பழைய தையல் தடங்கள் மட்டும் வயதைச் சொல்லும் கோடுகளாக நிற்கும். தையலில் அம்மாவின் கை அவசரக் கை. அந்தக் கவுன்கள் தோளில் நிற்காமல் வழிந்ததால், சின்னவளே ஊசியை எடுத்துப் பிடித்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் அதுவே பிழைப்பாயிற்று. ஆனால் அவள் உடம்பை மட்டும் யாரும் அளந்ததில்லை. அளவெல்லாம் அக்காளுடையது. அதில் கழித்தது போக மிச்சம்தான் இவள்.

சண்டை வந்தால் அறையின் நடுவே சாக்பீஸ் கோடு விழும். ஜன்னல் அக்காள் பக்கம், வாசல் தங்கை பக்கம். வெளியே போக வேண்டுமென்றால் அக்காள் வரி கட்ட வேண்டும். ஒரு பொத்தான், ஒரு துண்டு ரிப்பன், கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கன்னத்தில் ஒரு முத்தம். கோட்டை விடிவதற்குள் யார் அழிப்பார்கள் என்று இருவருக்கும் தெரியாது. இரண்டு பேரும்தான் அழித்திருப்பார்கள்.

கல்யாணமாகி வேறு ஊர் போன அக்காள் மாதம் தவறாமல் போன் செய்வாள். "இந்த மாசம் என்னடி வந்துச்சு?" தங்கை ஒப்பிப்பாள். கடைசியில் அலுத்துக்கொள்வாள்: "அப்புறம் அந்தத் துணி. மாசம் ஒண்ணு. எப்போ, யார்கிட்ட தலையை ஆட்டினேனோ தெரியலை. பின்னறை பூராவும் அதுதான்."

"என்ன நிறம்?"

"பச்சை."

"நல்லாருக்கா?"

"நல்லா இல்லாம என்ன! தொடவே பயமாருக்கு."

"ம்" என்று அக்காள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்படியே போயிருக்கும். குளியலறையில் அக்காள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து எழுந்தபோது கையில் நான்கு கால் வாக்கர். அவள் மகனுக்கோ வேலை கடல் தாண்டி மாற்றலாகியிருந்தது. "நான் சின்னவகிட்ட போறேன்" என்று அக்காள் சொல்லிவிட்டாள். மகன் வந்து வீட்டைப் பார்த்தான். நல்ல பையன், ஆனால் பொறியாளன். பெட்டிகளுக்கு நடுவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பின்னறை வரை போய், அதே மாதிரி திரும்பி வந்தான்.

"சித்தி, கோச்சுக்காதீங்க. இதுல நானே திரும்ப முடியலை. வாக்கர் எப்படித் திரும்பும்?"

"திரும்பும். நான் திருப்பிக் காட்டறேன்."

"ஒரு முதியோர் இல்லம் பார்த்து வெச்சிருக்கேன். நல்ல இடம்தான். பெரிய ஜன்னல் இருக்கு."

"அவளுக்கு ஜன்னல் எப்பவும் இருந்துச்சுப்பா. வாசல்தான் என்கிட்ட இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காளோடு வருவதாகவும், பின்னறையில் வாக்கர் திரும்பினால் இங்கே, திரும்பாவிட்டால் அங்கே என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பார்சலம்மா முதலில் சோப்புக்காரர்களுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண், தேனில் குழைத்த குரல். எதற்காக நிறுத்துகிறீர்கள், மணம் பிடிக்கவில்லையா, எங்கள் மேல் ஏதும் வருத்தமா என்று கேட்டாள். போனை வைத்தபோது சோப்பு நிற்கவில்லை. கூடவே கைக்குத் தடவும் களிம்பும் மாதம் ஒன்று என்று சேர்ந்திருந்தது. "பாவம், அழற மாதிரி பேசிச்சு" என்றாள். வாசலில் நின்றிருந்த கூரியர்க்காரர் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"நீங்க கடையில கஸ்டமர்கிட்ட என்ன சொல்வீங்க? பொய் சொல்லாதீங்க, மூச்சை விடுங்கன்னு தானே? அதையே இங்கயும் பண்ணுங்க. வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா, வேண்டாம், அதான் வேண்டாம்."

மறுநாள் அவரை முக்காலியில் உட்காரவைத்துக்கொண்டு போன் செய்தாள். தேன் குரல் குழைய ஆரம்பித்ததும் இவள் குரல் நடுங்கியது. அவர் முட்டியைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். "வேண்டாங்க. இங்க ஒருத்தருக்கு முட்டி வலிக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள். சோப்பு நின்றது.

பிறகு கை பழகிவிட்டது. நின்ற சந்தாவின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படி இறங்கின. தேயிலை சலவைக் கடைக்குப் போயிற்று. அங்கே இப்போது இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் ஏலக்காய் மணக்கிறது. காலுறைகள் கூரியர் அலுவலகத்துக்கு. படப்புதிர்களைக் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மனைவியோடு வழக்காடவே இல்லை. விதைகளை எல்லாம் மொட்டை மாடியிலிருந்து காற்றில் தூவிவிட்டாள். தெருவில் நிறுத்தி வைத்த கார் ஒன்றின் கூரையில் பூசணிக்கொடி படர்ந்ததாகக் கேள்வி.

ஒரு மூலை காலியானால் அன்றைக்கு விழா. செருப்பைக் கழற்றி, மூலையின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி ஒரு சுற்று சுற்றுவாள். விரல் எதிலும் இடிக்காவிட்டால், "காலி!" என்று கூவுவாள். இடித்தால் இடித்ததும் அன்றைக்கே கீழே போகும். கூரியர்க்காரருக்கும் அவளுக்கும் அங்கேயே தரையில் தேநீர். சின்ன வயதில் அந்த ஓர் அறையில் இப்படிச் சுற்ற முடிந்ததேயில்லை. கட்டில் இடிக்கும், அக்காள் இடிப்பாள்.

கடைசியில் பின்னறை மட்டும் மிச்சம். தரையிலிருந்து உத்தரம் வரை துணி, மடிப்புக் கலையாமல். துணி அனுப்பும் இடத்துக்குப் போன் போட்டு, பழகிய குரலில் "வேண்டாங்க" என்றாள்.

"இதை நீங்க நிறுத்த முடியாதும்மா. இது உங்க கணக்குல இல்லை. வேற ஒருத்தங்க உங்களுக்காகக் கட்டறாங்க."

"யாரு?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வயசானவங்க. மாசா மாசம் போன்ல கூப்பிட்டு நிறத்தை அவங்களே சொல்வாங்க. 'யாரும் தொடாத துணியா இருக்கணும், இன்னொருத்தர் அளவுல வெட்டினதா இருக்கக் கூடாது'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. போன மாசம் ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. ஹலோ? அம்மா, இருக்கீங்களா?"

பார்சலம்மா அந்தத் துணிமலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேயிலையைக் கொடுத்துவிடலாம், சோப்பைக் கொடுத்துவிடலாம். இதை எப்படி? இதை வைத்துக்கொண்டால் அனுப்பியவளுக்குப் படுக்க இடமில்லை. கூரியர்க்காரர் தேநீரோடு எட்டிப் பார்த்து, டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடைக்கு ஒரு தாய் வந்தாள். கூட இரண்டு பெண்கள். பெரியவளின் பள்ளிக் கவுனைச் சின்னவளுக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். சின்னது கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பார்சலம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, பின்னறையிலிருந்து கொண்டுவந்திருந்த பையைத் திறந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள்.

"பிடிச்சுத் தைக்கறது அப்புறம் ஆகும். முதல்ல இதை இவளுக்குத் தைச்சுப் போடுங்க. இவ அளவுல. பெரியவ கேட்டாலும் குடுக்காதீங்க."

"எவ்வளவுங்க?"

"கட்டியாச்சு."

அந்த வாரம் முழுக்க, அக்காள் துணியை, அண்ணன் துணியைக் கொண்டுவந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று போயிற்று. ஊரில் உள்ள கடைக்குட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் புதுச்சட்டையில் திரிந்ததைப் பார்த்துப் பெரியதுகள் குழம்பிப் போயின. ஞாயிற்றுக்கிழமைக்குள் பின்னறை காலி. பச்சைத் துணி ஒன்றுதான் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

மகன் முதலில் உள்ளே வந்தான். பார்சலம்மா செருப்பைக் கழற்றினாள். அறை நடுவில் நின்று, கைகளை விரித்து, டேப் பறக்க ஒரு சுற்று சுற்றினாள். எதுவும் இடிக்கவில்லை. மகன் சிரித்துவிட்டான். "திரும்பும் சித்தி."

காலுறை வாங்கிய கூரியர் ஆட்கள் அக்காளை நாற்காலியோடு மூன்று மாடியும் தூக்கிவந்து இறக்கினார்கள். வாக்கர் டக் டக்கென்று அறை வாசலுக்கு வந்து நின்றது. பார்சலம்மா குறுக்கே கை நீட்டினாள்.

"வாசல் என் பக்கம். வரியை எடு."

"இடுப்பே உடைஞ்சு வந்திருக்கேன், அதை எடுத்துக்கடி சின்னவளே."

"அது எனக்கு எப்பவும் பெரிசு."

அக்காள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். வெறும் சுவர்களை மெல்லப் பார்த்தாள். பார்வை ஜன்னல் விளிம்பில் நின்றது.

"மத்ததெல்லாம் எங்கடி?"

"சின்னதுங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாம் சின்னதுக்குன்னுதானே நான்..." என்று தொடங்கிய அக்காள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகன் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காள் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தங்கையின் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். அந்தக் கழுத்து திடீரென்று மொட்டையாகத் தெரிந்தது.

"எனக்கு வெட்டத் தெரியாதுக்கா."

"வெட்டறது அப்புறம். நேரா நில்லு."

வாக்கரில் சாய்ந்துகொண்டு அக்காள் டேப்பைத் தங்கையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முனையைத் தேடிப் பிடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைப் படிக்கக் குனிந்தாள்.

பார்சலம்மா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.